மாதாமாதம் வரும் பெண் மைய நாவல்கள்: எந்தத் தேர்வை நம்பி வாங்கலாம்?

அமெரிக்காவில் புதிய நாவல்கள் செவ்வாய்க்கிழமை வெளியாகும், பிரிட்டனில் வியாழக்கிழமை. ‘இந்த மாதம் எதிர்பார்க்க வேண்டிய பெண் மைய நாவல்கள்’ என்று ஆங்கிலத்தில் வரும் பட்டியல்கள் எல்லாம் இந்த இரண்டு கிழமைகளை வைத்துத்தான் போடப்படுகின்றன. மாதம் பிறப்பதற்கு முன்பே இருபது அட்டைப்படங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே மூன்று வரி எழுதிவிடுகிறார்கள். அந்த மூன்று வரி பெரும்பாலும் பதிப்பகம் அனுப்பிய பின்னட்டை வாசகம்தான். பட்டியல் போட்டவர் நாவலைப் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அதனால் காசு போட்டு வாங்குகிறவருக்கு இத்தகைய பட்டியலைவிட, படித்துப் பார்த்துவிட்டு ‘இந்த மாதம் இதுதான்’ என்று தம் பெயரில் சொல்கிறவர்களின் தேர்வே மேல். அப்படித் தேர்ந்து தரும் சில சேவைகளையும் ஒரு பரிசையும் இங்கே மதிப்பிடுகிறோம். இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்து வாங்கும் வாசகரை மனதில் வைத்து எழுதியது இது.

முதலில் ஒரு தெளிவு. காதல் நாவலும் ‘விமன்ஸ் ஃபிக்‌ஷன்’ என்று விற்கப்படும் நாவலும் ஒன்றல்ல. காதல் நாவலில் இருவர் சேர்வதுதான் கதை. கடைசியில் சேர்ந்தே ஆகவேண்டும். பெண் மைய நாவலில் ஒரு பெண்ணின் வாழ்க்கை எங்கே முட்டி நிற்கிறது, அவள் அதிலிருந்து எப்படி வெளியே வருகிறாள் என்பதுதான் கதை. காதல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்துவிடுவதால்தான் பாதி ஏமாற்றம் வருகிறது. பிரித்தறிய எளிய வழி உண்டு. அமெரிக்கப் புத்தக வணிகத்தில் ஒவ்வொரு நூலுக்கும் வகைக் குறியீடு கொடுப்பார்கள். எஃப்ஐசி 044 என்றால் பெண்கள் புனைவு, 045 என்றால் குடும்ப வாழ்க்கை, 027 என்றால் காதல். குறியீட்டு எண் கண்ணில் படாவிட்டாலும், அந்த வகைப் பெயர் பதிப்பகத்தின் இணையப் பக்கத்தில் இருக்கும். சில சமயம் பின்னட்டையில் பார்கோடு பக்கத்திலும் இருக்கும். காதல் வகை முதலிலும் பெண்கள் புனைவு இரண்டாவதாகவும் போட்டிருந்தால், அதைக் காதல் நாவலாக எதிர்பார்த்து வாங்குவதே சரி.

புக் ஆஃப் தி மந்த்

இருப்பவற்றில் மூத்தது இது. 1926 ஏப்ரலில், ஹாரி ஷெர்மன் என்ற விளம்பரத் துறைக்காரர் தொடங்கிய கிளப், தன் முதல் புத்தகமாக 4,750 உறுப்பினர்களுக்கு அனுப்பியது சில்வியா டவுன்சென்ட் வார்னரின் ‘லாலி வில்லோஸ்’. கல்யாணம் ஆகாத லாரா, லண்டனில் அண்ணன் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, எல்லோருக்கும் பயன்படும் அத்தையாக வருஷக்கணக்கில் இருக்கிறாள். ஒருநாள் யாருடைய சம்மதத்தையும் எதிர்பாராமல் மலையடிவாரக் கிராமம் ஒன்றுக்குக் குடிபோகிறாள். அங்கே சூனியக்காரி ஆகிறாள். மாதாமாதம் நாவல் அனுப்பும் வழக்கமே இப்படி ஒரு அசல் பெண் மைய நாவலோடு தொடங்கியிருப்பது மிகப் பொருத்தம். உறுப்பினர்கள் வாக்களித்து ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும் நாவலுக்கு இந்தக் கிளப் தரும் பரிசின் பெயரும் இன்றுவரை ‘லாலி’தான்.

பழைய கிளப்பில் நடுவர் குழு ஒரு புத்தகத்தைத் தேர்ந்துவிடும். வேண்டாம் என்று எழுதி அனுப்பாவிட்டால் புத்தகம் வீட்டு வாசலில் வந்து நிற்கும், பணமும் கட்டியாக வேண்டும். இன்றைய சேவை அப்படியில்லை. மாதத்தின் முதல் தேதியில் ஐந்தாறு நாவல்களைக் காட்டுகிறார்கள். அதில் ஒன்றை நீங்கள் எடுக்கலாம், மேலே காசு கட்டிக் கூடுதலாகச் சேர்க்கலாம், பிடிக்காவிட்டால் அந்த மாதத்தைத் தாண்டிவிடலாம். தாண்டினால் உங்கள் கணக்கு அடுத்த மாதத்துக்குப் போகும். எல்லாம் கெட்டி அட்டைப் பதிப்பு. அட்டையிலேயே கிளப்பின் முத்திரை அச்சாகியிருக்கும், ஒட்டுத்தாள் போல உரிக்க முடியாது. சில நாவல்கள் கடைக்கு வருவதற்கு முன்பே உறுப்பினர்களுக்குக் கிடைத்துவிடும்.

மாதாமாதம் தேர்ந்து தரும் சேவைகளில், தேர்வின் தரத்தில் இதற்கு முதலிடம் தருவோம். காரணம், ஒரே ஆளின் ரசனைக்கு வாசகர் கட்டுப்பட வேண்டியதில்லை; ஒரே மாதத்தில் குடும்ப நாவல், வரலாற்று நாவல், திகில், முதல் நாவல் என்று நான்கு திசைகளும் இருக்கும். குறை ஒன்றே ஒன்று, ஆனால் நமக்கு அது பெரிய குறை: அமெரிக்க முகவரிக்கு மட்டும்தான் அனுப்புவார்கள். நியூஜெர்சியிலோ டெக்சஸிலோ இருக்கும் தமிழர்களுக்குத் தயங்காமல் சொல்லலாம். இங்கிருப்பவர்கள் அந்த ஐந்தாறு பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, புத்தகத்தை வேறு வழியில் தேடிக்கொள்ள வேண்டும். பெயர்களைப் பார்க்கக் காசு கட்ட வேண்டியதில்லை.

ரீஸ் விதர்ஸ்பூனின் புத்தகக் கிளப்

நம் ஊர்க் கடைகளில் அட்டையில் மஞ்சள் வட்டத்தோடு கண்ணில் படும் நாவல்கள் இந்தக் கிளப்புடையவை. நடிகை ரீஸ் விதர்ஸ்பூன் 2017இல் தொடங்கினார். மாதம் ஒரு நாவல். கதையின் நடுவில் ஒரு பெண் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. சந்தா இல்லை, மாதாமாதம் வீட்டுக்கு வரும் பெட்டியும் இல்லை. பெயர் அறிவிப்பார்கள், எங்கே வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். அதனால் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு பின்தொடர மிகச் சுலபமானது இதுதான்.

ஆனால் யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. கிளப், அவர் தொடங்கிய ‘ஹலோ சன்ஷைன்’ என்ற நிறுவனத்தின் ஒரு கிளை. நாவல்களைப் படமாகவும் தொடராகவும் எடுப்பது அந்த நிறுவனத்தின் தொழில். 2021இல் சுமார் 90 கோடி டாலர் மதிப்பில் அது கைமாறியதாகச் செய்திகள் வந்தன. செலஸ்ட் இங்கின் ‘லிட்டில் ஃபயர்ஸ் எவ்ரிவேர்’ 2017 செப்டம்பர் தேர்வு, 2020இல் தொடர். டீலியா ஓவன்ஸின் ‘வேர் தி க்ராடாட்ஸ் சிங்’ 2018 செப்டம்பர் தேர்வு, 2022இல் படம். டெய்லர் ஜென்கின்ஸ் ரீடின் ‘டெய்சி ஜோன்ஸ் அண்ட் தி சிக்ஸ்’ 2019 மார்ச் தேர்வு, 2023இல் தொடர். இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் தேர்வின் சாய்வு இதிலிருந்து புரியும்: கண்ணில் காட்சியாக விரியும் இடம், ஒளித்து வைத்த ரகசியம், காணாமல் போனவர், நீதிமன்றம், வேகமாகப் புரளும் பக்கம். வீட்டுக்குள் மெதுவாக நகரும் மனக்கதை தேடுகிறவர்கள் மஞ்சள் வட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் வாங்கினால், சரிபாதி தடவை கையில் வருவது மர்ம நாவலாகத்தான் இருக்கும். பின்னட்டையில் ‘ரகசியம்’, ‘மறைவு’, ‘உண்மை வெளிவரும்போது’ என்ற சொற்கள் எத்தனை இருக்கின்றன என்று பார்த்தாலே போதும்.

இன்னொன்று: மாதத் தேர்வு என்றால் அந்த மாதத்துப் புது வெளியீடு என்று அர்த்தமில்லை. ‘க்ராடாட்ஸ்’ ஆகஸ்டில் வந்து செப்டம்பரில் தேர்வானது. அல்கா ஜோஷியின் ‘தி ஹென்னா ஆர்ட்டிஸ்ட்’ 2020 மார்ச்சில் வந்து மே மாதம் தேர்வானது. வெளிவந்த அன்றே படிக்கவேண்டும் என்கிறவர்களுக்கு இந்தக் கிளப் உதவாது.

‘ஹென்னா ஆர்ட்டிஸ்ட்’ பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், இந்திய வாசகர்கள் இந்தக் கிளப் வழியாக அதிகம் கேள்விப்பட்ட நாவல் என்பதால். 1955இன் ஜெய்ப்பூர். அடிக்கும் புருஷனை விட்டு ஓடிவந்த லக்ஷ்மி, பெரிய வீட்டுப் பெண்களுக்கு மருதாணி இட்டுப் பிழைக்கிறாள். கூடவே, வெளியே சொல்ல முடியாத காரியங்களுக்கு மூலிகைப் பொட்டலமும் கொடுக்கிறாள். சிறுகச் சிறுகச் சேர்த்துச் சொந்தமாக வீடு கட்டுகிறாள். அதன் தரையில் என்ன கோலம் பதிய வேண்டும் என்பதையும் அவளே வரைந்து கொடுக்கிறாள். அந்தத் தரைதான் நாவலின் உயிர் என்பேன். அந்த நேரம் பார்த்து, இருக்கிறாள் என்றே அவளுக்குத் தெரியாத பதின்மூன்று வயதுத் தங்கை வாசலில் வந்து நிற்கிறாள். தொழில், கடன், மானம் மூன்றும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருப்பதை ஜோஷி நன்றாகக் காட்டுகிறார். ஆனால் வெளிநாட்டு வாசகருக்காக எழுதப்பட்டது என்பது அடிக்கடி தெரியும்; நமக்குத் தெரிந்த பண்டத்துக்கும் பண்டிகைக்கும் விளக்கம் வந்துகொண்டே இருக்கும். அதைத் தாண்டிப் படிக்க முடியுமானால் வாங்கலாம். பிடித்துவிட்டால் 2021இலும் 2023இலும் வந்த இரண்டு தொடர்ச்சிகள் இருக்கின்றன. வரிசை மாற்றிப் படிக்க வேண்டாம்.

‘டெய்சி ஜோன்ஸ்’ வாங்குகிறவர்கள் அச்சைவிட ஒலிநூலை எடுக்கலாம். நாவல் முழுவதும் பேட்டி வடிவம். ஒலிநூலில் ஆளுக்கொரு குரல் பேசுவதால், அச்சில் ‘இது யார் சொன்னது’ என்று மேலே கண்ணை ஓட்டும் சிரமம் இல்லை.

ஜென்னாவும் ஓப்ராவும்

என்பிசி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சியில், தொகுப்பாளர் ஜென்னா புஷ் ஹேகர் 2019 மார்ச்சிலிருந்து நடத்தும் தேர்வு, ரீஸை விட ஒரு படி இலக்கியப் பக்கம் சாய்ந்தது. 2020 ஜூனில் மேகா மஜும்தாரின் ‘எ பர்னிங்’ தேர்வானது. கொல்கத்தாக் குடிசைப் பகுதியில் இருக்கும் ஜீவன் என்ற முஸ்லிம் பெண், ரயில் தாக்குதல் ஒன்றுக்குப் பிறகு ஃபேஸ்புக்கில் போட்ட ஒரு வரிக்காகச் சிறைக்குப் போகிறாள். நடிகையாகத் துடிக்கும் லவ்லி என்ற திருநங்கை அவளுக்காகச் சாட்சி சொல்ல முடியும். சொன்னால் தனக்கு என்ன ஆகும் என்பது கேள்வி. சிறிய நாவல், ஒரு வரி கூட வீணில்லை. ஆறுதல் தேடி எடுக்காதீர்கள். மனது கனத்துப் போகும்.

ஓப்ரா வின்ஃப்ரேயின் கிளப் 1996இல் தொடங்கியது. பெண் மைய நாவல் மட்டும் என்ற வரையறை அதற்கு இல்லை. அதனால் பெண் மைய நாவல்களுக்காக மட்டும் அதைச் சார்ந்திருக்க முடியாது.

விமன்ஸ் பிரைஸ்

இது மாதத் தேர்வு அல்ல, ஆண்டுப் பரிசு. ஆனாலும் ஒரே ஒரு பட்டியலைத்தான் பின்தொடர முடியும் என்கிறவருக்கு நாங்கள் கைகாட்டுவது இதைத்தான். 1991இல் புக்கர் பரிசின் குறும்பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை. அந்தக் கோபத்தில் தொடங்கிய பேச்சுதான் 1996இல் பரிசாக வந்தது. ஆங்கிலத்தில் எழுதும் எந்த நாட்டுப் பெண்ணும் போட்டியிடலாம். ஏப்ரல் 1 முதல் அடுத்த மார்ச் 31க்குள் பிரிட்டனில் வெளியாகியிருக்க வேண்டும். மார்ச்சில் 16 நாவல்களின் நெடும்பட்டியல், ஏப்ரலில் ஆறின் குறும்பட்டியல், ஜூனில் பரிசு, 30,000 பவுண்டு. நெடும்பட்டியலின் 16 பெயர்களை எழுதி வைத்தால், மாதம் ஒன்றாக வாசித்தாலும் வருஷம் தாண்டும். தேர்கிறவர்கள் முழு நாவலையும் வாசித்த நடுவர்கள். படம் எடுக்கும் அக்கறை அவர்களுக்கு இல்லை.

2024இல் இந்தப் பரிசு வி.வி.கணேசானந்தனின் ‘பிரதர்லெஸ் நைட்’ நாவலுக்குப் போனது. 1981இன் யாழ்ப்பாணம். மருத்துவம் படிக்கத் துடிக்கும் பதினாறு வயது சஷி, கொதிநீரைத் தவறித் தன் மேலே கொட்டிக்கொள்கிறாள். அலறல் கேட்டு ஓடிவந்த அக்கம்பக்கத்துப் பையன் வெந்த தோலில் முட்டையை உடைத்து ஊற்றுகிறான். அந்தப் பையன் பின்னால் இயக்கத்துக்குப் போகிறான். சஷி, காயம்பட்டு வரும் போராளிகளுக்கு மருந்து கட்டும் இடத்துக்கு வந்து சேர்கிறாள். மருத்துவம் படிப்பவளின் கண் வழியாகவே எல்லாம் சொல்லப்படுவதால், போர் இங்கே காயமாகவும் கட்டாகவும் தட்டுப்பாடாகவும் வருகிறது, முழக்கமாக வருவதில்லை. யாழ் மருத்துவப் பீடத்தின் உடற்கூறியல் துறைத் தலைவராக இருந்து, 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட ரஜனி திராணகமவை நினைவூட்டும் ஒரு பேராசிரியரும் உண்டு. அவர் இணைந்து எழுதிய ‘முறிந்த பனை’ படித்தவர்கள் உடனே அடையாளம் காண்பார்கள். எல்லாத் தரப்பும் செய்த கொடுமையை ஒரே நேர்மையோடு சொல்லியிருப்பதால், தமிழ் வாசகர்களில் சிலருக்கு இது கசக்கும். கசந்தாலும் படிக்க வேண்டிய நாவல். இந்தக் கட்டுரையில் பெயர் சொன்ன எல்லாவற்றிலும் இதற்குத்தான் முதலிடம். அமெரிக்காவில் இது 2023 ஜனவரியில் வந்தது. பரிசு கிடைத்தது ஒன்றரை வருஷம் கழித்து. வெளியான மாதத்துப் பட்டியல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பலர் இதைத் தவற விட்டிருப்பார்கள்.

எந்த மாதத்தில் என்ன வரும்

பதிப்பகங்களுக்கும் பருவம் உண்டு. ஜனவரியில் முதல் நாவல்கள் அதிகம்; போன வருஷத்து நாவல்களின் மலிவுப் பதிப்பும் அப்போது வரும். பிப்ரவரி என்றால் கிறிஸ்டின் ஹானாவை எதிர்பார்க்கலாம். அவருடைய பெரிய நாவல்களில் பல பிப்ரவரியில் வந்தவை. வியட்நாம் போரில் தாதியாகப் போன ஃபிராங்கியின் கதையான ‘தி விமன்’ 2024 பிப்ரவரி 6 அன்று வந்தது. அதன் முதல் பாதி போர்க்கள மருத்துவமனை. இரண்டாம் பாதியில், வியட்நாமில் பெண்கள் இருந்ததே இல்லை என்று ஊரே அவள் முகத்துக்கு நேரே சொல்கிறது. இரண்டாம் பாதி இழுக்கிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. நாவல் எழுதப்பட்டதே அந்தப் பாதிக்காகத்தான். மார்ச்சில் கனமான இலக்கிய நாவல்கள்: சிமமந்தா அடிச்சி பன்னிரண்டு வருஷ இடைவெளிக்குப் பிறகு தந்த ‘ட்ரீம் கவுண்ட்’ 2025 மார்ச்சில் வந்தது. ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரை கோடை வாசிப்பு. எமிலி ஹென்றி போன்றவர்களின் நாவல்கள் வழக்கமாக இந்தச் சமயத்தில்தான். செப்டம்பர், அக்டோபரில் பெரிய பெயர்கள் மோதும், சின்ன நாவல்கள் கவனிக்கப்படாமல் போகும். டிசம்பரில் புதிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

எந்தப் பதிப்பை வாங்குவது

பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். பிரிட்டனில் கெட்டி அட்டைப் பதிப்பு வரும் அதே சமயத்தில், வெளிநாட்டு விற்பனைக்காகப் பெரிய பேப்பர்பேக் ஒன்றும் அச்சாகும், உயரம் 23.4 செ.மீ., அகலம் 15.3 செ.மீ. சென்னையிலும் கொழும்பிலும் புது நாவல் முதலில் வருவது இந்த வடிவத்தில்தான். ஒன்பது முதல் பன்னிரண்டு மாதத்தில் 19.8க்கு 12.9 செ.மீ. அளவில் சின்னப் பதிப்பு வரும், விலையும் இறங்கும். 450 பக்கத்துக்கு மேல் போகும் நாவலென்றால் பெரிய பேப்பர்பேக்கை முழுக்க விரித்துப் படிக்காதீர்கள். பசைக்கட்டு முதுகில் விரிசல் விடும். அவசரம் இல்லாதவர்கள் சின்னப் பதிப்புக்குக் காத்திருப்பதே நல்லது, கைக்கும் அடக்கம்.

அட்டையை மட்டும் பார்த்து வாங்கினால் ஒரே நாவலை இரண்டு தடவை வாங்க நேரும். அமெரிக்கப் பதிப்புக்கும் பிரிட்டன் பதிப்புக்கும் அட்டை வேறு, சில சமயம் தலைப்பே வேறு. எமிலி ஹென்றியின் ‘பீப்பிள் வி மீட் ஆன் வெகேஷன்’ பிரிட்டனில் முதலில் ‘யூ அண்ட் மீ ஆன் வெகேஷன்’ என்று வந்தது. ஆர்டர் போடும் முன் ஆசிரியர் பெயரையும் வெளிவந்த ஆண்டையும் ஒத்துப் பாருங்கள். கடையில் சொல்லி வரவழைக்கிறீர்கள் என்றால் தலைப்பைச் சொல்லாமல் 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொடுங்கள்; கெட்டி அட்டைக்கு ஒன்று, பேப்பர்பேக்குக்கு ஒன்று என எண் மாறும்.

வெளியாகும் முன்பே, வாசகர்கள் புத்தகங்களுக்கு மதிப்பீடு போடும் குட்ரீட்ஸ் தளத்தில் தெரியும் நட்சத்திரங்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளியீட்டுக்கு முன் பதிப்பகம் தரும் முன்பிரதி கிடைத்தவர்கள் போட்டவை சில. படிக்காமலே போட்டவையும் சேரும். 2023 ஜூனில் எலிசபெத் கில்பர்ட்டின் அடுத்த நாவல், கதை ரஷ்யாவில் நடக்கிறது என்ற அறிவிப்புக்கே நூற்றுக்கணக்கில் ஒற்றை நட்சத்திரம் வாங்கியது. யாரும் படித்திராத அந்த நாவலை அவர் வெளியிடாமல் நிறுத்தி வைத்தார். நட்சத்திரத்துக்குப் பதில், கிண்டிலில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரிப் பகுதியை வாசியுங்கள். அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது என்ற இரண்டும் மாதிரி முடிவதற்குள் பிடிபடாவிட்டால், நானூறு பக்கத்தில் பிடிபடும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

முன்பிரதியே வேண்டும் என்கிறவர்களுக்கு நெட்கேலி என்ற இணையதளம் இருக்கிறது. இலவசம், ஆனால் படித்துவிட்டு விமர்சனம் எழுத வேண்டும். பெற்ற புத்தகங்களில் 80 சதவீதத்துக்காவது விமர்சனம் எழுதியிருக்க வேண்டும் என்பது அவர்கள் பரிந்துரைக்கும் அளவு. ஆசையில் ஒரே நாளில் பத்து நாவலுக்கு விண்ணப்பித்துவிட்டு, எழுத முடியாமல் விகிதம் சரிந்து, பிறகு வேண்டிய நாவல் மறுக்கப்படுவதுதான் புதியவர்களுக்கு வழக்கமாக நடப்பது. ஒன்றிரண்டோடு தொடங்குங்கள். அமெரிக்கப் பதிப்பகங்கள், தங்களுக்கு இந்தியாவில் விற்பனை உரிமை இல்லாத நாவல்களை நம் முகவரிக்கு மறுப்பது சகஜம். அதே நாவலை பிரிட்டன் பதிப்பகத்தின் பெயரில் தேடினால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியாகக் கள்ளப் பதிப்பு. நன்றாக விற்கும் பெண் மைய நாவல்கள் நடைபாதையிலும் இணையத்திலும் பாதி விலைக்கும் கீழே கிடைக்கின்றன. எழுதியவருக்கு அதில் ஒரு பைசா போகாது. வாங்கியவருக்கும் நஷ்டம்: மை சில பக்கங்களில் வெளிறும், ஓர எழுத்து வெட்டுப்படும், நடுவில் ஒரு கட்டுப் பக்கங்களே இல்லாமல் போகும். புத்தகம் கைக்கு வந்ததும் அட்டைத் தலைப்பை விரலால் தடவிப் பாருங்கள். அசல் பதிப்பில் புடைத்திருக்கும் எழுத்து கள்ளப் பதிப்பில் தட்டையாக இருக்கும். உரிமைப் பக்கத்தில், இந்தியாவில் அச்சானதென்றால் அச்சகத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கடைசிப் பக்கம் வரை பக்க எண்களைப் புரட்டிச் சரிபார்த்துவிடுங்கள். இதையெல்லாம் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்ய வேண்டும். படிக்கத் தொடங்கி இருநூறாவது பக்கத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலான விற்பனையாளர்கள் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.